காலை டிபன் தினமும் ஒழுங்கா நடக்கணும்னா முந்தின நைட்டே ஆரம்பிக்கணும்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு புரட்டாசி சனிக்கிழமை. அம்மா விடியக்காலைல எந்திரிச்சு தலைக்கு குளிச்சு, விரதம்னு சொல்லி ஒரு வாய் கூட சாப்பிடாம, ஆனா சுகர் மாத்திரையை மட்டும் மறக்காம போட்டுக்கிட்டு பெருமாள் கோயிலுக்கு கிளம்பிட்டாங்க. வரிசைல நிக்கும்போது கை நடுங்கி, நெத்தியெல்லாம் வேர்த்து, பேச்சு குழற ஆரம்பிச்சு அப்படியே உக்காந்துட்டாங்க. வாசல்ல துளசி மாலை விக்கிற அக்கா தான் பார்த்துட்டு ஓடிவந்து, பக்கத்து டீக்கடைல சக்கரை வாங்கி தண்ணில கரைச்சு குடிக்க வச்சிருக்காங்க. நான் போய் சேர்றதுக்குள்ள அம்மா தெளிஞ்சுட்டாங்க, "ஒண்ணுமில்லடா, வெயில்"னு சொன்னாங்க. அப்போ மணி காலைல எட்டரை, வெயிலே வரல.

அப்புறம் டாக்டர்கிட்ட போனப்போ தான் புரிஞ்சுது. அம்மா போடுற மாத்திரை கிளிமிபிரைடு, அது நாம சாப்பிட்டோமா இல்லையான்னு பார்க்காது, கணையத்தை தட்டி இன்சுலினை சுரக்க வச்சிடும். சாப்பாடு உள்ள போகலைன்னா ரத்தத்துல இருக்குற கொஞ்ச நஞ்ச சக்கரையும் இறங்கிடும். "மாத்திரை போட்டா டிபன் சாப்பிட்டே ஆகணும்மா, இல்லன்னா விரதத்துக்கு முன்னாடி என்கிட்ட கேளுங்க"ன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு இருந்து எங்க வீட்ல காலை டிபன் என் பொறுப்பு. என் வீட்டுக்காரம்மா நர்ஸ், மார்னிங் டியூட்டி வாரத்துல ஆறரைக்கே கிளம்பிடுவாங்க, எனக்கு கம்பெனி பஸ் ஏழு நாப்பதுக்கு, பசங்களுக்கு ஸ்கூல் எட்டரைக்கு, அம்மா தனியா இருப்பாங்க. இந்த சூழ்நிலைல ரெண்டு வருஷமா ஒரு நாள் கூட விடாம டிபன் செஞ்சு கத்துக்கிட்டதை தான் எழுதுறேன், காலைல அவசரமா ஓடுற வீடுகளுக்கு இது கண்டிப்பா உதவும்.

முதல்ல ஏன்னு சொல்லிடுறேன்

நைட்டு எட்டரைக்கு சாப்பிட்டு காலைல ஏழரைக்கு டிபன் சாப்பிட்டாலே நடுவுல 11 மணி நேரம். அந்த நேரம் பூரா கல்லீரல் சேத்து வச்சிருக்குற கிளைக்கோஜனை, அதாவது சக்கரை சேமிப்பை, கரைச்சு கரைச்சு தான் மூளைக்கும் உடம்புக்கும் குளுக்கோஸ் அனுப்புது. பெரியவங்க நல்லா இருந்தா உடம்பு இதை இன்னும் கொஞ்ச நேரம் இழுத்து சமாளிச்சிடும், அதனால ஒரு நாள் விட்டா உயிர் போயிடாது, அதை பயமுறுத்தி சொல்ல மாட்டேன். ஆனா குழந்தைங்க அப்படி இல்ல. சின்ன வயசுல மூளை குளுக்கோஸை எடுத்துக்குற பங்கு பெரியவங்களை விட ரொம்ப அதிகம், கல்லீரலும் சின்னது, சேமிப்பும் கம்மி. வெறும் வயித்தோட பிரேயர்ல நிக்கிற பையன் மயங்கி விழுறதை நாம எல்லாருமே ஸ்கூல்ல பார்த்திருப்போம்.

இதை அரசாங்கமே எடுத்து செய்யுதுன்னா விஷயம் எவ்வளவு பெருசுன்னு பாருங்க. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு மதுரைல முதலமைச்சரோட காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்சாங்க, 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளைல வச்சு தமிழ்நாடு பூரா இருக்குற அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கினாங்க, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போச்சு. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரை. என் தங்கச்சி பையன் வாலாஜாபாத் பக்கம் ஊராட்சி ஒன்றிய ஸ்கூல்ல மூணாவது படிக்கிறான், அவனுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல்னு மாத்தி மாத்தி தர்றாங்க. அதுல நான் கவனிச்ச விஷயம் என்னன்னா ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசியோ ரவையோ, கூடவே சாம்பாருக்கு 15 கிராம் பருப்புன்னு கணக்கு வச்சிருக்காங்க, காய்கறி சாம்பார் 100 மில்லி. வெறும் உப்புமாவை கிண்டி போட்டுட்டு போகல, பருப்பையும் காயையும் கணக்கா சேர்த்திருக்காங்க. நம்ம வீட்ல அந்த பருப்பு கணக்கை யாருமே பாக்குறதில்ல.

இன்னொரு விஷயம் நேர்மையா சொல்லணும். "காலைல சாப்பிட்டா வெயிட் குறையும்"னு எல்லாரும் சொல்றாங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2019ல ஆஸ்திரேலியாவோட மொனாஷ் யுனிவர்சிட்டிக்காரங்க 13 ஆய்வுகளை சேர்த்து பார்த்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டாங்க, காலைல சாப்பிடுறவங்க மொத்தத்துல கொஞ்சம் அதிக கலோரி தான் எடுத்துக்குறாங்கன்னு வந்துச்சு. அதனால வெயிட் குறைக்குறதுக்காக டிபன் சாப்பிடாதீங்க, சாப்பிடாம இருந்தா வெயிட் தானா குறையும்னும் நினைக்காதீங்க. நான் டிபனுக்காக இவ்வளவு பேசுறதுக்கு காரணம் வேற. பதினொரு மணிக்கு வர்ற அந்த படபடப்பு, எரிச்சல், கேன்டீன்ல போய் ரெண்டு பஜ்ஜியும் டீயும் வாங்கி வாய்க்குள்ள போடுறது, மத்தியானம் பசி தாங்காம ஒரு மலை சோறு சாப்பிட்டுட்டு கண்ணை சொக்குறது, இந்த மொத்த சங்கிலியும் காலை டிபன் சரியா இருந்தா அறுந்துடும். எனக்கு அறுந்துச்சு.

பருப்பு தான் விஷயமே

நம்ம ஊர் டிபன்ல குறை என்னன்னா மாவுச்சத்து ஜாஸ்தி, புரோட்டீன் கம்மி. அஞ்சு இட்லி, தண்ணியா ஒரு தேங்கா சட்னி, ஒரு காபி. வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும், பத்தரைக்கு மறுபடி பசிக்கும். சுகர் இருக்குறவங்களுக்கு அந்த அஞ்சு இட்லி மீட்டரை எங்கேயோ கொண்டு போய் நிறுத்திடும்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் சொல்றது, பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன் வேணும். 60 கிலோ இருக்குறவருக்கு 50 கிராம். மூணு வேளைக்கு பிரிச்சா ஒரு வேளைக்கு 16, 17 கிராம். ஒரு நடுத்தர இட்லில ரெண்டு கிராம் சொச்சம் தான் இருக்கு, அஞ்சு இட்லி சாப்பிட்டாலும் 10, 12 கிராம் தாண்டாது. அதுக்கு பதிலா மூணு இட்லி, கெட்டியா பருப்பு போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு அவிச்ச முட்டைன்னு வைங்க, முட்டைலயே 6 கிராம், சாம்பார்ல ஒரு 4 கிராம், கணக்கு சரியா வந்துடும், அரிசியும் குறைஞ்சுடும். முட்டை சாப்பிடாத வீடுன்னா 30 கிராம் பாசிப்பயறை சுண்டல் பண்ணா 7 கிராம். அவ்வளவு தான் வித்தை.

பருப்புக்கு இன்னொரு குணம் இருக்கு, இதை படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஒரு சாப்பாடு ரத்தத்துல சக்கரையை எவ்வளவு வேகமா ஏத்துதுன்னு காட்டுற கிளைசீமிக் இண்டெக்ஸ்னு இப்போ எல்லாரும் சொல்றோமே, அதை 1981ல கொண்டுவந்த டொரன்டோ யுனிவர்சிட்டி டேவிட் ஜென்கின்ஸ், அடுத்த வருஷமே ஒண்ணு காட்டினாரு. காலைல பருப்பு சாப்பிட்டவங்களுக்கு அப்போ மட்டும் இல்ல, மத்தியானம் சாதாரண பிரெட் சாப்பிட்டப்போ கூட சக்கரை கம்மியா தான் ஏறுச்சாம். அதாவது காலைல சாப்பிட்ட பருப்பு மத்தியான சாப்பாட்டையும் சேத்து பாத்துக்குது. இதை தெரிஞ்சுக்கிட்ட பிறகு நான் அம்மாவுக்கு எந்த டிபன் பண்ணாலும் பருப்போ பயறோ இல்லாம தட்டு வைக்கிறதில்ல. மெட்ராஸ் டயபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து பண்ண ஆய்வு 2023ல வந்துச்சு, நாட்டுல 10 கோடி பேருக்கு மேல சுகர்னு. அதுல உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கலாம், தயவுசெஞ்சு இந்த ஒரு மாத்தத்தை மட்டுமாவது பண்ணிப் பாருங்க.

ராத்திரி செய்ய வேண்டியது

காலைல எந்திரிச்சு "இன்னைக்கு என்ன பண்றது"ன்னு யோசிச்சா அன்னைக்கு டிபன் காலி, பிரெட்டும் ஜாமும் தான். முடிவு ராத்திரியே எடுத்துடணும். நான் சாப்பிட்டு முடிச்சு கிச்சன் மேடையை துடைக்கிறப்போ அப்படியே ஒரு பத்து நிமிஷம் நாளைக்கு வேலையை முடிச்சிடுவேன். பயறு ஊற வைக்கிறது, சின்ன வெங்காயம் உரிச்சு டப்பால போடுறது, தேங்காய் பத்தை வெட்டி ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது, குக்கர்ல துவரம்பருப்பு கழுவி மஞ்சள்தூள் பெருங்காயம் போட்டு தண்ணியோட ஃப்ரிட்ஜ்ல வச்சிடுறது. காலைல எந்திரிச்சு முகம் கூட கழுவாம அடுப்பை பத்த வச்சா போதும், நான் பல்லு விளக்கிட்டு வர்றதுக்குள்ள மூணு விசில்.

மாவு பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மாவு ஃப்ரிட்ஜ்ல இருந்தா பாதி வாரம் நிம்மதி. கடைல வாங்குறது தப்புன்னு சொல்லல, ஆனா உளுந்து எவ்வளவு போட்டாங்கன்னு நமக்கு தெரியாது. பொதுவா நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து போடுவோம், நான் மூணுக்கு ஒண்ணு போடுறேன், ஒரு ஸ்பூன் வெந்தயம். மூணு பங்கு அரிசில ஒரு பங்கை எடுத்துட்டு தினையோ சாமையோ போட்டாலும் இட்லி நல்லா வரும், முதல் தடவை எடுத்தவுடனே முழுசா மாத்தாதீங்க, வீட்ல இருக்குறவங்க ஒத்துக்க மாட்டாங்க. அரிசி நாலு அஞ்சு மணி நேரம் ஊறணும், உளுந்து ஒரு மணி ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்தை ஃப்ரிட்ஜ் தண்ணி தெளிச்சு தெளிச்சு அரைச்சா கிரைண்டர் சூட்டுல மாவு சூடாகாது, பொங்கி வரும். ஒரு சொட்டு மாவை தண்ணில போட்டா மிதக்கணும், அது தான் பதம்.

அப்புறம் உப்பு போட்டு கையால கலந்து விட்டுட்டு அதை தொந்தரவு பண்ணாதீங்க. அந்த பாத்திரத்துக்குள்ள ராத்திரி பூரா நடக்குறது பெரிய வேலை. லியூகோனாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா, அரிசி உளுந்துல இருந்தே வர்றது, மாவுல இருக்குற சக்கரையை தின்னு புளிப்பையும் காத்தையும் உண்டாக்குது, அந்த காத்து தான் இட்லியை பஞ்சு மாதிரி ஆக்குது. இரும்பு, ஜிங்க் மாதிரி சத்துகளை உடம்பு எடுத்துக்க விடாம தடுக்குற ஃபைட்டிக் ஆசிட் குறையும், பி வைட்டமின் கூடும், செரிக்கிறதும் சுலபம். சித்திரை வைகாசில ஆறு மணி நேரத்துலயே பொங்கி வழியும், அதனால பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. மார்கழில பன்னெண்டு மணி நேரம் கூட ஆகும், அப்போ அடுப்பு மேடை ஓரமா துணி சுத்தி வைங்க. பொங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வச்சா மூணு நாள் நாலு நாள் நல்லா இருக்கும், முதல் நாள் இட்லி, ரெண்டாவது நாள் தோசை, கடைசில புளிச்சதை வெங்காயம் கேரட் கொத்தமல்லி போட்டு ஊத்தப்பம், கொஞ்சம் மிஞ்சினா குழிப்பணியாரம்.

பயறு முளைகட்டுறது அதைவிட சுலபம். ஞாயித்துக்கிழமை காலைல ஒரு டம்ளர் பாசிப்பயறு ஊற வைங்க, சாயந்தரம் தண்ணியை வடிச்சு ஈர காட்டன் துணில கட்டி ஒரு டப்பால வச்சு மூடிடுங்க, திங்கக்கிழமை காலைல தொறந்தா குட்டி குட்டியா வெள்ளை வால் விட்டிருக்கும். என் பையன் தினமும் ஓடிவந்து அதை முதல்ல பாக்கணும்னு அடம் பிடிப்பான், அவனே முளைகட்டினதால அவனே சாப்பிடுவான், நான் சொல்லி சாப்பிட்டதே இல்ல. பச்சையா குடுக்காதீங்க, அஞ்சு நிமிஷம் ஆவில வேக வச்சு, கடுகு தாளிச்சு, தேங்காய் துருவல் போட்டு, கடைசில அடுப்பை அணைச்சுட்டு எலுமிச்சை பிழிங்க. எலுமிச்சைல இருக்குற வைட்டமின் சி பயறுல இருக்குற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்க உதவும்.

எங்க வீட்ல ஒரு வாரம் எப்படி ஓடுது

திங்களும் செவ்வாயும் மாவு இருக்கும், இட்லி தோசை. சட்னில தேங்காயை பாதியாக்கிட்டு அந்த இடத்துல வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ போடுறேன், ருசி குறையாது, புரோட்டீன் ஏறும். அவசர நாள்ல எள்ளு போட்ட இட்லிப்பொடி, நல்லெண்ணெய். (எங்க காஞ்சிபுரத்து கோயில் இட்லில மிளகு சீரகம் சுக்கு எல்லாம் போட்டு மந்தாரை இலைல வேக வைப்பாங்க. நான் அந்த மிளகு சீரகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, நெய்ல பொரிச்சு வீட்டு மாவுலயே கலந்து மழைக்காலத்துல ஊத்துவேன், அம்மா ரெண்டு இட்லி கூடவே சாப்பிடுவாங்க.)

புதன்கிழமை அடை. என்னை கேட்டா தமிழ் டிபன்லயே மிகச் சிறந்தது அடை தான், ஆனா இட்லிக்கு இருக்குற மரியாதை அதுக்கு கிடைக்கல. ஒரு டம்ளர் இட்லி அரிசிக்கு கடலைப்பருப்பு அரை, துவரம்பருப்பு அரை, உளுந்து கால், பாசிப்பருப்பு கால், பாருங்க, அரிசியை விட பருப்பு ஒன்றரை பங்கு. நாலு காஞ்ச மிளகா, சோம்பு, பெருங்காயம் போட்டு கொரகொரன்னு அரைக்கணும், நைசா அரைச்சா தோசை ஆயிடும். புளிக்க வேண்டியதே இல்ல, அது தான் பெரிய வசதி. முந்தின நாள் சாயந்தரம் ஊற வச்சு படுக்க போறதுக்கு முன்னாடி மிக்சில அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவேன். காலைல ஒரு கை முருங்கைக்கீரை உருவி போட்டு, கல்லுல கனமா தட்டி, நடுவுல ஓட்டை போட்டு எண்ணெய் விட்டு, மூடி போட்டு மெதுவா வேக விடுங்க. அந்த கீரை ஓரத்துல முறுகி வர்ற வாசனைக்கு என் பொண்ணு கூப்பிடாமலே எந்திரிச்சு வருவா.

வியாழன் வெண்பொங்கல். ஹோட்டல் பொங்கல் சாப்பிட்டா தூக்கம் வரும், ஏன்னா அரிசியும் நெய்யும் தான் நிறைய. வீட்ல அரிசியும் பாசிப்பருப்பும் சரி பாதி போடுங்க, நெய் ரெண்டு ஸ்பூன் போதும், மிளகு சீரகம் தாராளமா. கூட கத்திரிக்கா கொத்சு இல்லன்னா சாம்பார். அரிசிக்கு பதிலா வரகு போட்டாலும் குழைஞ்சு நல்லா வரும்.

வெள்ளி கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகுல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அதே அளவு பசும்பால்ல 120 பக்கம் தான். புட்டு, அடை, கூழ், எது வேணா. வெயில் காலம்னா கம்பங்கூழ், ராத்திரியே காய்ச்சி வச்சுட்டு காலைல மோர் ஊத்தி கரைச்சு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு, கூட ஒரு கிண்ணம் சுண்டல். சனிக்கிழமை ரவா உப்புமாவோ சேமியாவோ, ஆனா ரவைக்கு சமமா காய், பச்சைப்பட்டாணி, ஒரு கைப்பிடி நிலக்கடலை. ஞாயிறு அவங்க அவங்க இஷ்டம், பூரி கேட்டா பூரி. வாரத்துல ஒரு நாள் பூரி சாப்பிடுறதுல ஒரு பாவமும் இல்ல.

காபி டீ விஷயம்

இதை சொன்னா நிறைய பேருக்கு கோபம் வரும், எனக்கும் முதல்ல வந்துச்சு. டிபனோட காபி குடிக்காதீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரமாவது டீ காபி வேண்டாம்னு ஐசிஎம்ஆர் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டில சொல்லிருக்காங்க, டீ காபில இருக்குற டானின்ங்குற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரை உள்ள பொம்பளைங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. நம்ம வீட்டு பொம்பளைங்க எல்லாருக்கும் பரிமாறிட்டு, மிச்சமிருக்குற ரெண்டு இட்லியை காபியோட நின்னுக்கிட்டே முழுங்கிட்டு ஓடுறாங்க, சத்து எங்க இருந்து சேரும்? எங்க வீட்ல இப்போ காபி எந்திரிச்ச உடனே, ஆறு மணிக்கு. டிபன் ஏழேகாலுக்கு. என் வீட்டுக்காரம்மாவுக்கு மார்னிங் டியூட்டின்னா அவங்க பங்கை டிபன் பாக்ஸ்ல கட்டிடுவேன், எட்டு மணிக்கு பிரேக்ல சாப்பிடுவாங்க.

பசிக்கலன்னு சொல்றவங்களுக்கு

"எனக்கு காலைல பசியே எடுக்காது"ன்னு சொல்றவங்க ராத்திரி எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு பாருங்க. பத்தரைக்கு பரோட்டா சாப்பிட்டுட்டு படுத்தா காலைல எப்படி பசிக்கும். ராத்திரி சாப்பாட்டை எட்டு, எட்டரைக்கு கொண்டு வாங்க, பாதியா குறைங்க, ஒரு வாரத்துல காலைல வயிறு தானா கேக்கும். அதுவரைக்கும் கட்டாயப்படுத்தி அஞ்சு தோசை திணிக்க வேண்டாம், ஒரு வாழைப்பழமும் கைப்பிடி வேர்க்கடலையும் இல்ல ஒரு முட்டையும்னு சின்னதா ஆரம்பிங்க.

பசங்களை திட்டி சாப்பிட வைக்காதீங்க. என் பொண்ணு ஒன்பதாவது, காலைல தலை பின்ன நேரம் இல்லன்னு சாப்பிடாமலே ஓடிட்டு இருந்தா. நான் சத்தம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் அவளை பதினஞ்சு நிமிஷம் முன்னாடி எழுப்பி, யூனிஃபார்ம் ஷூ எல்லாம் ராத்திரியே எடுத்து வைக்க சொல்லி, தோசையை ரோல் மாதிரி சுருட்டி உள்ள பொடியும் முட்டையும் வச்சு கைல குடுத்தேன். நடந்துக்கிட்டே சாப்பிட்டா. இப்போ உக்காந்தே சாப்பிடுறா.

பால்ல கலக்குற பவுடரை டிபன்னு கணக்கு பண்ணாதீங்க. நிறைய பவுடர்ல சக்கரை தான் பெரிய பங்கு, டப்பா பின்னாடி பொருட்கள் பட்டியல்ல முதல் மூணு பேரை படிங்க, எது அதிகமோ அது தான் முதல்ல இருக்கணும்னு சட்டம். "ஹெல்த் டிரிங்க்"னு நம்ம உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல ஒரு வகையே கிடையாது, 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைகளை அந்த பேர் போட்ட பிரிவுல இருந்து இந்த மாதிரி பானங்களை எடுக்க சொல்லிச்சு. கார்ன்ஃபிளேக்ஸும் இதே மாதிரி தான், புரோட்டீன் ரொம்ப கம்மி. ஓட்ஸ் பரவாயில்ல, மசாலா பாக்கெட்டை வாங்காம வெறும் ஓட்ஸ் வாங்கி உப்புமா மாதிரி காய் போட்டு பண்ணுங்க.

சுகர் மாத்திரை போடுறவங்க வீட்ல இருந்தா

மாத்திரை எது, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு டாக்டர்கிட்ட கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க. இன்சுலின் போடுறவங்களும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுறவங்களும் டிபனை தள்ளிப் போடவே கூடாது. டிபன் மேடைக்கு வந்த பிறகு தான் எங்க அம்மா மாத்திரை டப்பாவை தொறப்பாங்க, இது இப்போ எங்க வீட்டு சட்டம். கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு வந்தா உடனே மூணு டீஸ்பூன் சக்கரையை தண்ணில கரைச்சு குடுங்க, பதினஞ்சு நிமிஷம் கழிச்சு சுகர் மீட்டர்ல டெஸ்ட் பண்ணுங்க, சுகர் இன்னும் 70க்கு (mg/dL) கீழ இருந்தா மறுபடி குடுங்க. சரியானதும் டிபன் சாப்பிட வைங்க. மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும், நேரா 108க்கு போன் பண்ணுங்க. கிட்னி பிரச்சனை இருக்குறவங்க மட்டும் நான் மேல சொன்ன பருப்பு கணக்கை அப்படியே எடுத்துக்காம அவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, அவங்களுக்கு புரோட்டீன் அளவு வேற.

புரட்டாசி வந்தா அம்மா இப்பவும் சனிக்கிழமை விரதம் இருக்காங்க. ஆகஸ்ட் கடைசிலயே டாக்டரை பார்த்து அந்த நாளுக்கு மட்டும் மாத்திரையை எப்படி மாத்தணும்னு கேட்டுட்டோம், காலைல உப்பு போடாத பாசிப்பருப்பு சுண்டலும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்குறாங்க, பெருமாள் ஒத்துக்குவாருன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கோயிலுக்கு போற மஞ்சப்பைல தேங்காய் பழத்தோட ஒரு சின்ன டப்பா சக்கரையும் இருக்கும். அந்த துளசி மாலை அக்காவுக்கு சுண்டல்ல ஒரு பங்கு தனியா கட்டி குடுத்து அனுப்புவேன்.